உழன்றவர் வகுத்த சட்டம்

சட்டம் என்பது பொதுஜனங்களுக்கு இட்ட வேலி என்பர் பெரியோர். அவ்வேலியை எவ்விடத்தில் இடுவது, எவ்வழியைத் திறந்து வைப்பது என்று ஆலோசிக்குங்கால், அந்நிலத்தில் முள் தைத்து நடந்தவனையும் அழைத்துக் கேட்பது அறிவுடைமை. கேளாது இட்ட வேலி பல வேளைகளில் பயிரைக் காவாது வழிப்போக்கனையே மறிக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்னும் பழமொழி வைத்தியத்திற்கு மட்டும் உரியதன்று. சட்டம் இயற்றுவோருக்கும் உரியது. மனித உரிமையைக் காக்கும் சட்டங்களை வகுப்பதில், அவ்வுரிமை மறுக்கப்பட்டு உழன்றவர்களுக்கு இருந்த பங்கு யாது, அவர்கள் அங்கு சென்றமையால் சட்டத்திற்கு வந்த புது அறிவு யாது என்பதை நம் மதுரை நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் முன்வைத்து ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

நம் சமூகத்தார் மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை எடுத்துரைக்கும் வியாசங்கள் பல இப்பத்திரிகையில் வந்துள்ளன. கொடுமையை எண்ணிக் கண்ணீர் விடுவது ஒன்று. அக்கொடுமையை அனுபவித்தவர் அதனைத் தடுக்கும் விதியைத் தம் கையாலேயே எழுதியது பிறிதொன்று. பின்னதே ஈண்டு விஷயம்.

முதற்கண், உழன்றவர் குரல் இடம் பெறாத காலத்தில் சட்டம் எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம். 1897-ம் வருஷத்தில், அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கமுதியில் நாடார் சமூகத்தார் மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துள் பிரவேசித்தனர். அவர்கள் மீது இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அவர்கள் வழக்குத் தொடுத்தார். மதுரை சப் கோர்ட்டில் 1899-ம் வருஷத்திலும், சென்னை ஹைகோர்ட்டில் 1901-ம் வருஷத்திலும், முடிவில் இலண்டன் பிரிவி கவுன்சிலில் 1908-ம் வருஷத்திலும் நாடார்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. நியாயாதிபதிகள் கேட்ட கேள்வி யாது? 'இவர்கள் மனிதர்களா, பக்தர்களா' என்பதன்று. 'வழக்கம் யாது' என்பதே. வழக்கத்தைச் சாட்சி சொல்லி நிலைநாட்டுவோர் கதவைச் சாத்தியவர்களே அன்றோ? நெடுநாள் சாத்தியிருந்த கதவு, சாத்தியிருந்தமையாலேயே சாத்தத் தக்கதாயிற்று. பொருளும் கல்வியும் திரட்டி மேற்கோர்ட்டு வரை சென்ற ஒரு சமூகத்தாருக்கே இக்கதியாயின், சேரியில் கூலிக்கு உழைத்த நம்மவர் கோர்ட்டில் என்ன பெற்றிருக்கக் கூடும்? இவ்வழக்கிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. வழக்கத்தைச் சட்டத்திற்கு மேலே வைத்திருக்கும் வரையில் கோர்ட்டு நமக்குத் துணையாகாது. வழக்கத்தைக் கீழே இறக்கும் சட்டம் முதலில் வேண்டும். அதனைச் செய்யும் இடம் சட்டசபை.

அச்சபைக்குள் நம்மவர் நுழைந்த வரலாறு திவான் பகதூர் இரட்டைமலை ஸ்ரீனிவாசன் அவர்களிடத்தும் ராவ் பகதூர் எம். சி. ராஜா அவர்களிடத்தும் தொடங்குகிறது. ஸ்ரீனிவாசன் அவர்கள் செங்கற்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்தவர். 1893-ம் வருஷத்தில் 'பறையன்' என்னும் பெயராலேயே பத்திரிகை நடத்தியவர். இழிவென்று பிறர் எண்ணிய பெயரை மறைக்காமல் பத்திரிகையின் நெற்றியில் எழுதிய நெஞ்சுரம் அவருடையது. ஆயினும் அவ்வுரம் பிறவியிலேயே வந்ததன்று. கோயமுத்தூரில் மாணவராய் இருந்த நாளில், ஊரும் உறவும் விசாரிக்கப்பட்டால் ஜாதி வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி மற்றப் பிள்ளைகளோடு கலவாது ஒதுங்கி இருந்ததைத் தம் சுயசரிதச் சுருக்கத்தில் அவரே குறித்திருக்கிறார். இவ்வச்சத்தை அறிந்த ஒருவர் சட்டசபையில் எழுந்து பேசுவதற்கும், புள்ளிவிவரம் பார்த்த ஒரு பெரிய மனிதர் எழுந்து பேசுவதற்கும் வேற்றுமை உண்டு. முன்னவர் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிவார்.

1924-ம் வருஷத்தில் சென்னைச் சட்டசபையில் ஸ்ரீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச்சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் எந்த வகுப்பினரும் நடக்கலாம். பொதுக் காரியாலயம், கிணறு, குளம், பொதுஜனம் கூடும் இடம் ஆகியவற்றை எவரும் அணுகலாம். அதற்கு ஆட்சேபம் இல்லை என்பதே அதன் சாரம். சபை அதனை ஏற்றது; அவ்வருஷமே சர்க்கார் உத்தரவும் பிறந்தது. இன்று படிப்போருக்கு இது சிறிய காரியமாகத் தோன்றலாம். சாலையில் நடப்பதற்கு ஓர் உத்தரவா என்று இளைஞர்கள் வியக்கலாம். ஆனால் ஊருக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த பாட்டனாரின் பேரர்களுக்கு அது சிறிதன்று. கோயிலையும் உத்தியோகத்தையும் முதலிற் கேளாமல் தெருவையும் தண்ணீரையும் அவர் கேட்டதே கவனிக்கத் தக்கது. அன்றாடம் எங்கே வலிக்கிறது என்பதை அறிந்தவர் கேட்ட வரிசை அது.

எனினும் அவ்வுத்தரவில் பெரியதோர் குறை இருந்தது. 'ஆட்சேபம் இல்லை' என்று சொல்லிற்றே அன்றி, ஆட்சேபிப்பவனுக்கு யாது தண்டனை என்று சொல்லவில்லை. கிணற்றில் நீர் எடுக்கலாம். எடுத்த மறுநாள் என்ன நடக்கும்?

மறுநாள் நடப்பதை நம் நாட்டுப்புறத்தார் ஒரே சொல்லால் அறிவர்: ஊர்க்கட்டுப்பாடு. அடியில்லை, இரத்தமில்லை, போலீஸ் ஸ்டேஷனில் எழுதத்தக்க குற்றமும் இல்லை. பண்ணையில் வேலை இல்லை என்பர். வாரத்து நிலத்தை விடு என்பர். கடையில் உப்பும் மிளகாயும் கொடார். நாவிதன் வரான், வண்ணான் வரான். களத்துமேட்டில் கூலி நெல் அளக்கமாட்டார். சேரியிலிருந்து வெளியேறும் வழி பட்டா நிலத்தில் இருப்பின் அதனையும் அடைப்பர். ஒரு வாரம் செல்லுமுன் குழந்தைகள் பசியால் அழும். நீர் எடுத்தவன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பான். உத்தரவு காகிதத்தில் இருக்க, கிணறு முன்போலவே இருக்கும். வைகைப் பாசனத்திலும் கண்மாய்ப் பாசனத்திலும் பிறர் நிலத்தை நம்பிப் பிழைத்த நம் முன்னோருக்குத் தடியைக் காட்டிலும் கொடிய ஆயுதம் இக்கட்டுப்பாடே.

இதற்குச் சான்றாக மதுரைக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரம் ஜில்லாவில் நிகழ்ந்ததைக் கூறலாம். 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அங்கு ஆதிக்கம் செலுத்திய நாட்டார்கள் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தலாகாது. பெண்கள் மேலாடை போடலாகாது. குடையும் செருப்பும் ஆகா என்பன அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. தானியமும் கால்நடையும் பறிபோயின. 1931-ம் வருஷம் ஜூன் மாதத்தில் மேலும் பதினொரு விதிகள் வந்தன. பிள்ளைகள் படிக்கலாகாது, மாடு மேய்க்க வேண்டும்; வாரத்திற்கோ குத்தகைக்கோ நிலம் உழலாகாது; சொந்த நிலம் இருப்பின் மிராசுதாரருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், இன்றேல் பாய்ச்சத் தண்ணீர் விடப்படாது என்றெல்லாம் அவ்விதிகள் கூறின. 1931-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை நடத்திய ஹட்டன் துரை இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முதற்பட்டியல் உடம்பைப் பற்றியது. இரண்டாம் பட்டியல் வயிற்றைப் பற்றியது. உடம்பைத் தடுத்தும் அடங்காதவரை வயிற்றைத் தடுத்து அடக்கலாம் என்னும் கணக்கு அதில் வெளிப்படை. இவற்றை எடுத்துரைப்பது பழம்பகையைக் கிளறுவதற்கன்று. அந்நாட்டாரின் பேரப்பிள்ளைகளும் நம் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே கல்லூரியில் பயில்கின்றனர். சட்டம் எதனை எதிர்த்து எழுந்தது என்பதை அறியாமல் சட்டத்தின் பயனை அறிய இயலாது என்பதற்காகவே கூறினோம்.

இராமநாதபுரத்தில் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்ட அதே பருவத்தில் இலண்டன் மாநகரில் முதல் வட்டமேஜை மகாநாடு நடந்துகொண்டிருந்தது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் டாக்டர் அம்பேத்கர் அவர்களும் இரட்டைமலை ஸ்ரீனிவாசன் அவர்களும் அங்கு சென்றிருந்தனர். அவ்விருவரும் கையெழுத்திட்டு, வருங்கால இந்திய அரசியலமைப்பில் தாழ்த்தப்பட்டோர்க்கு வேண்டும் பாதுகாப்புகளைக் குறித்த விஞ்ஞாபனம் ஒன்றைச் சமர்ப்பித்தனர். அதில் நிபந்தனைகள் எட்டு. அங்கும் எட்டு, இங்கும் எட்டு. அங்கு விலங்கு பூட்டும் எட்டு, இங்கு விலங்கு ஒடிக்கும் எட்டு.

அவ்வெட்டனுள் முதலிரண்டை மட்டும் நோக்குவோம். முதலாவது, குடிகள் யாவரும் சட்டத்தின் முன் சமம். தீண்டாமையின் பேரால் ஒருவருக்குக் குறைவு விளைக்கும் சட்டமாயினும், உத்தரவாயினும், வழக்கமாயினும் இனிச் செல்லாது என்பது. 'வழக்கமாயினும்' என்னும் அந்த ஒரு சொல்லை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். கமுதி வழக்கில் மூன்று கோர்ட்டுகளிலும் வென்றது எதுவோ அதனையே இச்சொல் வேரோடு பறித்தது. அடிமைத்தளை நீங்கிய நீக்ரோவருக்காக அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1866-ம் வருஷத்திலும் 1875-ம் வருஷத்திலும் இயற்றப்பட்ட உரிமைச் சட்டங்கள் அவ்விஞ்ஞாபனத்தில் முன்மாதிரியாகக் காட்டப்பட்டன.

இரண்டாவது நிபந்தனையே உழன்றவர் அறிவுக்குத் தலையாய சான்று. உரிமையை அறிவித்தால் போதாது. அதனைப் பிரயோகித்தவன் மீது பகிஷ்காரம் செய்வதையும், செய்யத் தூண்டுவதையும், செய்வோமென மிரட்டுவதையும் தண்டிக்கத்தக்க குற்றமாக்க வேண்டும் என்று அவ்விருவரும் கேட்டனர். நிலமும் வீடும் குத்தகைக்குக் கொடுக்க மறுப்பது, வேலை தர மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது ஆகியன அங்கு பகிஷ்காரம் எனப்பட்டன. பம்பாய் சர்க்கார் 1928-ம் வருஷத்தில் நியமித்த கமிட்டியில் டாக்டர் அம்பேத்கர் அங்கத்தினராயிருந்து கிராமங்களில் கண்டறிந்த செய்திகள் இதற்கு ஆதாரமாயின. சட்டத்தின் வாசகத்திற்கோ பர்மாவில் 1922-ம் வருஷத்தில் இயற்றிய பகிஷ்கார எதிர்ப்புச் சட்டம் உதவிற்று. அச்சட்டம் அரசியல் கிளர்ச்சியை அடக்க அரசினர் செய்தது. ஆளுவோர் தம்மைக் காக்கச் செய்த கருவியை ஆளப்படுவோரில் கடையராகத் தள்ளப்பட்டோர் தம்மைக் காக்க வளைத்துக்கொண்டனர். இதுவன்றோ சாதுரியம்! வெளியிலிருந்து இரக்கங் கொண்டோர் எத்தனையோ பேர் தீண்டாமையைப் பற்றிப் பேசினர். கோயிற்கதவும் கிணறும் அவர்கள் கண்ணில் பட்டன. கிணற்றுக்கு மறுநாள் கடைக்காரன் கதவு சாத்துவான் என்பதோ, அக்கதவின் முன் நின்று திரும்பியவர் கண்ணுக்கே பட்டது.

இங்கு ஒன்றை ஒளியாது உரைத்தல் வேண்டும். உழன்றவர் யாவரும் ஒரே குரலாகப் பேசினர் என்று எண்ணுதல் தவறு. தனித்தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் அவர்களும் ஸ்ரீனிவாசன் அவர்களும் நின்றனர். ஒதுக்கிய ஸ்தானங்களுடன் கூட்டுத்தொகுதியே நலம் என்று 1932-ம் வருஷத்தில் எம். சி. ராஜா அவர்கள் வேறு உடன்படிக்கை செய்தார். அவ்வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி பூனா ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திட்டனர். இதனைக் கண்டு 'இவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, இவர்களை ஏன் கேட்க வேண்டும்' என்று பேசினோர் உண்டு. ஒரு குடும்பத்தில் நால்வருக்கு நோய் என்றால் நால்வரும் ஒரே மருந்தைக் கேட்பதில்லை. அதனால் அவர்களுக்கு நோயே இல்லை என்று ஆகிவிடுமா? ஒருவரை மட்டும் அழைத்து அவர் சொல்லே அனைவர் சொல் என்று முடிப்பதுதான் பிழை. பலரையும் அழைப்பதே முறை.

ராஜா அவர்களின் தொண்டு நம் மாகாணத்துச் சட்டப் புத்தகத்தில் நிலைத்திருக்கிறது. 1938-ம் வருஷத்தில் அவர் கொணர்ந்த மசோதா, சிவில் தகுதியின்மைகளை நீக்கும் சட்டமாக நிறைவேறியது. ஆறு, ஓடை, கிணறு, சாலை, பொது வாகனம் ஆகியவற்றில் அந்நாளில் 'ஹரிஜன்' எனச் சட்டத்தில் குறிக்கப்பட்ட நம்மவரைத் தடுக்கலாகாது என்றும், தடுக்கும் வழக்கம் எதனையும் எந்தக் கோர்ட்டும் அங்கீகரிக்கலாகாது என்றும் அது விதித்தது. கமுதித் தீர்ப்பு முடிவாகி முப்பதாண்டுகள் கழித்து, கோர்ட்டின் வாயில் இருந்த 'வழக்கம்' என்னும் சொல்லைச் சட்டசபை பிடுங்கிற்று. பிடுங்கிய கை அவ்வழக்கத்தால் ஒடுக்கப்பட்ட ஒருவருடையது. ஆனால் அச்சட்டம் ஆலயங்களைத் தொடவில்லை. ஆலயப் பிரவேசத்திற்கென அவ்வாண்டே ராஜா அவர்கள் கொணர்ந்த மற்றொரு மசோதாவைத் திருப்பிப் பெறும்படி பிரதம மந்திரி ராஜாஜி அவர்கள் கேட்டார். ராஜா இணங்கவில்லை, மசோதா சபையில் தோற்றது. சபையில் ஓர் ஆசனம் கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிட்டதாகக் களிப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசனம் பேச இடம் தரும். பேச்சை நிறைவேற்றப் பலம் வேறாக வேண்டும்.

அப்பலம் அடுத்த வருஷமே மதுரை வீதியிலிருந்து வந்தது. 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி காலை, மதுரை வக்கீல் வைத்தியநாதையர் அவர்கள் தலைமையில் மீனாட்சியம்மன் ஆலயத்துள் நம்மவர் ஐவரும், நாடார் சமூகத்தவர் ஒருவரும் சென்று தரிசனம் செய்தனர். கக்கன், முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து என்பார் அவ்வைவர். உடன் சென்றவர் சண்முக நாடார். ஆலய நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்கள் அதற்கு இசைந்து நின்றார். பட்டர்களில் சிலர் பூஜைக்கு வர மறுத்தனர். வழக்கத்திற்கு விரோதமாகக் கதவு திறந்தமைக்காக அதிகாரிகள் மீது வழக்கு வரும் என்னும் நிலையில் கவர்னர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். பின்னர் அது 1939-ம் வருஷத்து 22-வது சட்டமாயிற்று.

அச்சட்டத்தை நிதானமாகப் படிப்போர் ஓர் உண்மை காண்பர். கதவைத் திறந்தவருக்கு அது பாதுகாப்பு அளித்தது. உள்ளே செல்ல விரும்பியவருக்கோ உரிமை என்று ஒன்றை அளிக்கவில்லை. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று தர்மகர்த்தாக்கள் கருதி, சர்க்காரும் சம்மதித்தால் மட்டுமே ஆலயம் திறக்கப்படும். அதாவது, நம் பிரவேசம் பிறர் சம்மதத்தில் தொங்கிற்று. மதுரையில் நல்ல மனம் படைத்தோர் இருந்தமையால் கதவு திறந்தது. அத்தகையோர் இல்லாத ஊரில் கதவு சாத்தியே இருந்தது. 1947-ம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டமே பிறர் சம்மதத்தை நீக்கி உரிமையை உரிமையாக நிறுத்தியது. தயவு வேறு, உரிமை வேறு. தயவுக்கு நாம் நன்றி பாராட்டுவோம். வைத்தியநாதையர் அவர்களின் பெயரை நம் சங்கத்தார் மறவார். ஆனால் தயவை உரிமையாக மாற்றும் வரையில் பணி முடிந்ததாகாது.

அன்று உட்சென்ற ஐவருள் ஒருவரான கக்கன் அவர்கள் மேலூர்த் தாலுக்கா தும்பைப்பட்டியில் 1908-ம் வருஷத்தில் பிறந்தவர். ஆலயவாசலில் அனுமதிக்கு நின்ற அவரே சில ஆண்டுகளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கத்தினராக வீற்றிருந்தார். அச்சபையில் தீண்டாமை ஒழிப்பு 1947-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டு, 1948-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி ஷரத்தாக நிறைவேறியது. இன்று அது அரசியலமைப்பின் 17-வது ஷரத்து. அந்நாள் விவாதத்தில் நம் மாகாணத்துப் பிரதிநிதிகளான வி. ஐ. முனுசாமிப் பிள்ளை அவர்களும், அச்சபையில் தாழ்த்தப்பட்டோருள் ஒரே பெண்மணியாய் இருந்த ஸ்ரீமதி தாட்சாயணி வேலாயுதன் அவர்களும் பேசினர். சட்டத்தை நடத்தி வைப்பதைக் காட்டிலும் ஜனங்கள் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதைப் பொறுத்தே இதன் பயன் விளங்கும் என்பது அவ்வம்மையாரின் கருத்து. 17-வது ஷரத்துக்குப் பக்கத்தில் 13-வது ஷரத்தையும் படிக்க வேண்டும். அடிப்படை உரிமைக்கு விரோதமான சட்டம் செல்லாது என்று கூறி, 'சட்டம்' என்பதனுள் வழக்கமும் அடங்கும் என்று அது தெளிவிக்கிறது. இலண்டன் விஞ்ஞாபனத்தில் கேட்ட அதே பொருள், விஞ்ஞாபனம் எழுதிய அம்பேத்கர் அவர்கள் வரைவுக் கமிட்டித் தலைவராய் அமர்ந்த அரசியலமைப்பில் ஏறியது.

பகிஷ்காரம் பற்றிய கோரிக்கை என்னவாயிற்று? 1955-ம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் 7-வது பிரிவில் அது இடம் பெற்றது. தீண்டாமை ஒழிந்ததால் வந்த உரிமையை ஒருவன் பிரயோகித்தான் என்பதற்காக அவனைப் பகிஷ்கரித்தல் குற்றம் என விதிக்கப்பட்டது. அப்போது கக்கன் அவர்கள் மதுரையின் பிரதிநிதியாக லோக்சபையில் இருந்தார். பின்னர் 1967-ம் வருஷம் வரை சென்னை ராஜ்ய மந்திரிசபையில் இருந்தபோது போலீஸ் இலாகாவும் அவர் வசம் வந்தது. 1939-ம் வருஷத்தில் போலீஸ் காவலுக்குரியவராய் நடந்தவர் போலீஸுக்கே அதிகாரியானார். இத்தகைய மாறுதலை ஒரு தலைமுறைக்குள் கண்டோம்.

ஆயினும் அதே மேலூர்த் தாலுக்காவில், தும்பைப்பட்டி இருக்கும் அதே மண்ணில், 1997-ம் வருஷம் ஜூன் 30-ந் தேதி மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒதுக்கப்பட்ட ஸ்தானத்தில் நின்று ஜயித்ததே அவர் செய்த குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகள் 1996-ம் வருஷத்தில் ஒதுக்கப்பட்டும், 2006-ம் வருஷம் வரை தேர்தல் நடவாமலோ, ஜயித்தவர் உடனே ராஜிநாமாச் செய்தோ கழிந்தன. இங்கும் நாம் காண்பது பழைய ஊர்க்கட்டுப்பாட்டையே. 1930-ம் வருஷத்தில் கடைக்கு விதித்த கட்டு, 1996-ம் வருஷத்தில் வாக்குப்பெட்டிக்கு விதிக்கப்பட்டது. சட்டம் ஆசனத்தை ஒதுக்கிற்று; ஆசனத்தில் அமர்ந்தவன் மறுநாள் வீடு திரும்புவானா என்று கேட்க மறந்தது. அதனைக் கேட்கத் தெரிந்தவர் அச்சேரியில் இருந்தனர்.

1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ம் வருஷத்தில் திருத்தப்பட்டு 2016-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்தது. அத்திருத்தத்தில் இரண்டு காரியங்கள் நம் ஆராய்ச்சிக்குரியன. ஒன்று, சமூக பகிஷ்காரமும் பொருளாதார பகிஷ்காரமும் தனித்தனியே இலக்கணம் கூறப்பட்டுக் குற்றங்களாக விதிக்கப்பட்டமை. 1930-ம் வருஷத்தில் இருவர் கேட்ட நிபந்தனையின் முழு உருவம் எண்பத்தைந்தாண்டுகளுக்குப் பின் சட்டத்தில் ஏறியது. மற்றொன்று, 15-ஏ பிரிவு. பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் பாதுகாப்புப் பெறவும், ஜாமீன், விடுதலை, தண்டனை முதலிய விஷயங்களில் கோர்ட்டின் முன் தம் சொல்லைக் கேட்கச் செய்யவும் அது உரிமை தருகிறது. கமுதி வழக்கில் வழக்கம் பேசிற்று. இன்றோ வலித்தவன் பேசலாம்.

'பாதிக்கப்பட்டவனே சட்டம் செய்தால் அது பழிவாங்கலாகாதா? தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவதா?' என்று சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. ஆனால் சரித்திரம் தரும் விடை வேறு. மேற்கூறிய எந்தச் சட்டத்திலும் நம்மவர் பிறர் கிணற்றைப் பறிக்கவோ பிறர் கோயிலை அடைக்கவோ கேட்டதில்லை. எல்லோரும் நடக்கும் வழியில் தாமும் நடக்கவே கேட்டனர். தீர்ப்பளிக்கும் ஆசனத்தை அவர்கள் கேட்கவில்லை; விதி வகுக்கும் இடத்தில் தம் அறிவைக் கூறவே கேட்டனர். மேலும், 'அனுபவம் மட்டும் போதுமா, சட்ட நுணுக்கம் வேண்டாவா' என்போரும் உளர். வேண்டும். இலண்டன் விஞ்ஞாபனத்தில் அமெரிக்கச் சட்டமும் பர்மாச் சட்டமும் அறிந்த பாரிஸ்டரும் இருந்தார். சேரி வாழ்வை அறுபதாண்டுகளுக்கு மேல் கண்ட முதியவரும் இருந்தார். அனுபவமும் நூலறிவும் கலந்தபோதே அது பயன் தந்தது. அங்கவீனர் உரிமைக்காக ஐக்கிய நாடுகள் சபை 2006-ம் வருஷத்தில் செய்த உடன்படிக்கை, அவர்களைக் கலந்தே அவர்களுக்குரிய சட்டங்களை ஆக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. உலகம் விதியாக எழுதிய இதனை நம் முன்னோர் எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே செய்கையில் காட்டினர்.

ஆகவே அங்கத்தினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நாம் கூறுவது இது. முதலாவது, வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு ஜில்லாவிலும் கண்காணிப்புக் கமிட்டி உண்டு. அதில் உத்தியோகஸ்தர் அல்லாதாருக்கும் இடம் உண்டு. அவ்விடத்தில் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்தி வருவோரை அன்றி, கிராமத்தில் நடப்பதை அறிந்து பேசுவோரை அனுப்ப வேண்டும். இரண்டாவது, குடிநீர்க் குழாயில் தடுக்கப்படுவோர் பெரும்பாலும் பெண்கள். ஆனால் கூட்டத்தில் எழுந்து பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். நம் சங்கக் கூட்டங்களிலேயே இக்குறையைத் தீர்க்காமல் சர்க்காரைக் குறை கூறுவது அழகன்று. மூன்றாவது, ஊர்க்கட்டுப்பாடு விதிக்கப்பட்டால் தேதி, இடம், சொன்ன வார்த்தை, மறுக்கப்பட்ட வேலை அல்லது பொருள் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தல் வேண்டும். 1930-ம் வருஷத்து எட்டுத் தடைகளும் எழுதப்பட்டமையாலேயே இன்று நாம் அவற்றை அறிகிறோம். எழுதாத கொடுமை நடவாத கொடுமையாகவே எண்ணப்படும்.

சட்டம் எழுதியோர் வரிசையில் இரட்டைமலையாரும் ராஜாவும் தாட்சாயணி அம்மையாரும் கக்கனும் சென்று மறைந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பிரிவுகள் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றில் விடுபட்டது யாது என்பதை இன்று நம் கிராமத்துக் குழாயடியில் நிற்கும் ஒரு பெண் அறிவாள். அவளை அழைத்துக் கேட்பதே நம் சங்கத்தின் அடுத்த வேலை.